நோர்தேர்ண் லைனில் ஆஸ்பெர்கர்

மோர்டன் ரியூப் ஸ்டேஷனுக்கு அருகில் அபொட்ஸ்பரி ரோட் என்று ஒரு தெரு இருக்கிறது. அங்கிருந்து தென்கிழக்காகப் போகப் போக கன்ரபரி, கிளாஸ்ரன்பரி, மாம்ஸ்பரி, ரியூக்ஸ்பரி என்று தெருப் பெயர்கள் அனேகமாக ஆங்கில அரிச்சுவடி வரிசையிலேயே இறங்கும். எல்லாம் பழைய கிறிஸ்தவ மடங்களின் பெயர்கள். மோர்டன் ஒரு காலத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துக் காணி. 1928க்கும் 1936க்கும் இடையில் லண்டன் கவுண்டி கவுன்சில் இங்கே செயின்ட் ஹெலியர் குடியிருப்பைக் கட்டியபோது, அந்த நினைவில் இப்படி ஓர் ஒழுங்கு வைத்தது. இங்கே வீடு வாங்கிக் குடியிருக்கிற எங்கள் ஆட்களில் பலருக்கு இது தெரியாது. எனக்குச் சொல்லித் தந்தவன் என் பெறாமகன். அப்போது அவன் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு.

அவன் அக்காவின் மூத்தவன், எனக்கு வயிற்றில் பிறக்காத மகன். 1990களின் நடுவில் அவனுக்கு ஆஸ்பெர்கர் சின்ட்ரோம் என்று ஒரு கடிதம் வந்தது. அத்தான் அதை மடித்து, பாஸ்போர்ட்டுகள் வைக்கும் பெட்டிக்குள் போட்டார். "வருத்தம் எண்டால் மருந்து தந்திருப்பினம்தானே?" என்பது அவருடைய வாதம். மருந்து தராதபடியால் வருத்தம் இல்லை, வருத்தம் இல்லாதபடியால் கதைக்கவும் தேவையில்லை.

நான் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிப்பித்தவள். வேலையெல்லாம் விட்ட பிறகு, பெட்டிக்குள் கிடந்த அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். பெயர் வியன்னாவில் பிறந்தது. ஆனால் அதை உலகுக்கு எழுதி அனுப்பிய இடம் எங்கள் வீட்டிலிருந்து ஒரு ரெயினும் ஒரு பஸ்ஸும்தான். இன்னும் வாசித்தபோது வேறொன்றும் பிடிபட்டது. இந்தப் பிள்ளைகளைப் பற்றி எங்கள் வீடுகளில் உலவுகிற பிழையான கதைகள் ஒன்றும் காற்றில் வந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பிறந்த வருடமும் இடமும் உண்டு. பாதிக்கு மேல் நோர்தேர்ண் லைன் ஓரத்திலேயே பிறந்தவை அல்லது அங்கேயே முறியடிக்கப்பட்டவை. 1926 செப்டெம்பர் 13 முதல் மோர்டனுக்கு ஓடுகிற அதே கறுப்பு லைன்.

மூன்றாவது நிறுத்தம் ரூட்டிங் புரோட்வே. தென்மேற்கு லண்டன் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் பிறந்த செயின்ட் ஜோர்ஜஸ் ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. என் பெறாமகனும் அங்கே பிறந்தவன்தான். அந்தக் காணியில் முன்பு ஃபவுண்டன் ஆஸ்பத்திரி இருந்தது. காய்ச்சல்காரருக்காக 1893இல் தொடங்கி, பிறகு மூளை வளர்ச்சி இல்லை என்று முத்திரை குத்தப்பட்ட சிறுபிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற இடமாக மாறியது. இங்கிலாந்தில் இலவச இடைநிலைக் கல்வியைத் தந்த 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தை எல்லோரும் புகழுவார்கள். அதே சட்டம் ஒரு பகுதிப் பிள்ளைகளைப் படிப்பிக்க முடியாதவர்கள் என்று தள்ளி வைக்கவும் இடம் விட்டது. 1971 ஏப்ரலில்தான் அந்தக் கதவு சட்டப்படி திறந்தது. பேச்சு வராத ஓட்டிசப் பிள்ளைகள் பலர் அதுவரை இப்படியான ஆஸ்பத்திரிகளில் வளர்ந்தார்கள். பேச்சு வந்தவர்கள், அதுவும் அளவுக்கு மிஞ்சிப் பேசியவர்கள், சாதாரணப் பள்ளிக்கூடங்களில் கடைசி வாங்கில் இருந்து அடி வாங்கினார்கள். குழப்படி, திமிர், ஒரு மாதிரியான பெடியன். அவர்களுக்குக் கிடைத்த நோய்ப்பெயர்கள் இவைதான், இங்கேயும் யாழ்ப்பாணத்திலும்.

அதே 1944இல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்ற சிறுவர் வைத்தியர் தன் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். ஃப்ரிட்ஸ், ஹாரோ, ஏர்ன்ஸ்ட், ஹெல்முட் என்று நான்கு பெடியன்கள். பெரியவர்கள் மாதிரிப் பேச்சு, ஒரே விடயத்தைப் பற்றி மணிக்கணக்காக விரிவுரை, பந்து பிடிக்கத் தெரியாத கை, கூட விளையாட ஆள் இல்லை. குட்டிப் பேராசிரியர்கள் என்று அவர்களைச் சொன்னார். கட்டுரை ஜெர்மன் மொழியில், யுத்த காலத்தில் வந்தது. ஆங்கில உலகம் பல காலம் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

ஆஸ்பெர்கர் நாசிகளிடமிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றியவர் என்றொரு கதை நெடுங்காலம் இருந்தது. நானும் அதை ஒரு தமிழ் மேடையில் கேட்டிருக்கிறேன். 2018இல் ஹெர்விக் செக் என்ற வரலாற்றாசிரியர் வியன்னா ஆவணங்களைத் திறந்து காட்டினார். சிறுபிள்ளைகள் கொல்லப்பட்ட ஆம் ஷ்பீகல்குரூண்ட் நிலையத்துக்குப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லி ஆஸ்பெர்கர் கையெழுத்து வைத்திருக்கிறார். ஹெர்ட்டா ஷ்ரைபர் என்ற குழந்தை அவர்களில் ஒன்று. 1941 செப்டெம்பர் 2ஆம் திகதி, மூன்றாவது பிறந்தநாளுக்கு மறுநாள் அது இறந்தது. அந்த இடத்தில் செத்த பிள்ளைகள் கிட்டத்தட்ட 800 பேர். பெறாமகனிடம் இதைச் சொல்ல எனக்குத் தயக்கம். அவன் என்னிலும் முன்னரே வாசித்திருந்தான். "அப்ப அவர் என்னை எந்தப் பக்கத்துக்கு அனுப்பியிருப்பார், சித்தி?" என்று கேட்டான். நையாண்டி இல்லை, தகவல் கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

லைனில் மேலே போய் ஓவலில் இறங்கி பஸ் எடுத்தால் கேம்பர்வெல். இந்தச் சரித்திரத்தின் நடுவீடு இதுதான். மோட்ஸ்லி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்த உளவியல் மருத்துவ நிறுவனத்தில் லோர்னா விங் என்ற வைத்தியர் வேலை செய்தார். 1956இல் பிறந்த அவருடைய மகள் சூசிக்குக் கடுமையான ஓட்டிசம். பகலில் ஆய்வாளர், இரவில் நித்திரை கொள்ளாத பிள்ளையின் தாய். இந்த இரண்டும் ஒரே ஆளில் இருந்ததுதான் எல்லாவற்றையும் மாற்றியது என்பது என் எண்ணம்.

அதற்கு முன்னர், 1966இல், விக்டர் லோட்டர் என்பவர் மிடில்செக்ஸில், அதாவது இன்று எங்கள் சனம் நிறைந்திருக்கிற ஹாரோ, வெம்ப்ளிப் பக்கத்தில், 8 முதல் 10 வயதுவரையான ஏறக்குறைய 78,000 பிள்ளைகளை எடுத்துக் கணக்குப் பார்த்திருந்தார். 10,000 பேருக்கு 4.5 பேர் என்று வந்தது. லோர்னா விங்கும் ஜூடித் கூல்டும் கேம்பர்வெல்லில் வேறு மாதிரிச் செய்தார்கள். ஓட்டிசம் என்று பெயர் வைத்தவர்களை மாத்திரம் தேடாமல், ஏதோ ஒரு வகையில் உதவி தேவைப்பட்ட எல்லாப் பிள்ளைகளையும் பார்த்தார்கள். பழகுவதில், கதைப்பதில், கற்பனையில் சேர்ந்தே சிக்கல் உள்ளவர்கள் 10,000க்கு 21 பேர் என்று 1979இல் எழுதினார்கள். அமெரிக்காவில் லியோ கானர் 1943இல் வரைந்த குறுகிய சித்திரத்துக்கு வெளியே அத்தனை பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பெயர் இல்லாததால் உதவியும் இல்லை.

நன்றாகப் பேசுகிற, புத்தியான, ஆனால் தனித்துப்போன ஆட்களை என்ன செய்வது? லோர்னா விங்கின் கணவருக்கு ஜெர்மன் தெரியும். ஆஸ்பெர்கரின் கட்டுரையை அவர் மொழிபெயர்த்துக் கொடுத்தார். ஆஸ்பெர்கர் லண்டன் வந்தபோது மோட்ஸ்லி சிற்றுண்டிச்சாலையில் அவரும் லோர்னாவும் தேநீர் குடித்தபடி வாதாடினார்கள். தன் பிள்ளைகள் தனி இனம் என்றார் அவர். இல்லை, எல்லாம் ஒரே நீண்ட தொடரின் துண்டுகள் என்றார் லோர்னா. மரியாதையாக ஒத்துப்போகாமல் பிரிந்தார்கள். 1980இல் ஆஸ்பெர்கர் இறந்தார். 1981இல் லோர்னா 34 பேரின் விவரங்களோடு ஒரு கட்டுரை எழுதி, ஆஸ்பெர்கர் சின்ட்ரோம் என்ற பெயரை ஆங்கிலத்தில் பரவவிட்டார். அதே வருடம்தான் விம்பிள்டன் எஃப்ரா ரோட்டில் பிள்ளையார் கோயில் திறந்தது. எங்கள் குடும்பத்துக்கு வேண்டிய இரண்டும் ஒரே வருடத்தில் லண்டனுக்கு வந்திருக்கின்றன, எங்களுக்கோ ஒன்றைத்தான் தெரியும்.

அந்தக் கோயிலில்தான் முதலில் எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். நாதஸ்வரமும் தவிலும் தொடங்கினால் அவன் காதைப் பொத்திக்கொண்டு செருப்பு வைக்கிற இடத்துக்கு ஓடிவிடுவான். பக்தியில்லாத பிள்ளை என்றார்கள். அவனுக்கு அந்தச் சத்தம் உடம்பில் அடிபட்ட மாதிரி என்று பிறகு சொன்னான். சோற்றில் கறி தொட்டுவிட்டால் கோப்பையைத் தள்ளிவிடுவான். செல்லம் என்றார்கள். விருந்தாளி புறப்படும்போது "போட்டு வாறன்" என்றால் இவன் யன்னலடியில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பான். ஒரு மணித்தியாலம் கழித்து, "அங்கிள் ஏன் இன்னும் வரேல்லை?" என்று கேட்பான். பகிடி என்று சிரித்தோம். அவனுக்கு அது வாக்குத் தவறிய விவகாரம்.

ஒன்றை மட்டும் எங்கள் பழக்கமே மறைத்து வைத்தது. ஆங்கில வைத்தியர்கள் முதலில் பார்க்கிற அடையாளம், கண்ணைப் பார்த்துக் கதைக்கிறானா என்பது. பெரியவர்கள் முகத்தை நேரே பார்க்காமல் தலை குனிந்து நிற்கிற பிள்ளையை நாங்கள் நல்ல வளர்ப்பு என்போம். இவனை ஊர் முழுக்கப் புகழ்ந்த ஒரே விடயம் அதுதான்.

கடிதம் வந்த பிறகு பழி அக்காவின் தலையில் விழுந்தது. பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போனாள், மடியில் வைத்துக் கொஞ்சவில்லை, அதனால்தான். இதைச் சொன்ன மாமிமாருக்குத் தாங்கள் யாருடைய வாயால் பேசுகிறோம் என்று தெரியாது. கானர் தன் முதல் 11 பிள்ளைகளின் பெற்றோரைப் பற்றி, பாசம் குறைந்தவர்கள் என்ற தொனியில் எழுதினார். பிறகு குளிர்சாதனப் பெட்டிக்குள் வளர்ந்த பிள்ளைகள் என்ற பேச்சு வந்தது. 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் அதையே ஒரு பெரிய புத்தகமாக்கினார். உலகெங்கும் தாய்மார் அழுதார்கள். அந்தக் கதையின் அடித்தளத்தை ஆட்டிய முக்கியமான ஆய்வு ஒன்று வந்ததும் கேம்பர்வெல்லிலிருந்துதான். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 சோடி இரட்டையர்களைப் பார்த்தார்கள். ஒரே கருவில் பிரிந்த 11 சோடிகளில் 4 சோடியில் இருவருக்கும் ஓட்டிசம். மற்ற 10 சோடிகளில் ஒன்றிலும் அப்படி இல்லை. காரணத்தின் பெரும்பங்கு பரம்பரையில், தாயின் மடியில் அல்ல. அக்காவின் வீட்டில் பழிச்சொல் கேட்டபோது இந்தக் கணக்குக்கு ஏறத்தாழ இருபது வயது.

யூஸ்டனில் இறங்கித் தெற்கே நடந்தால் பல்கலைக்கழகக் கட்டடங்கள். அந்தப் பக்கத்தில் வேலை செய்த சைமன் பரன்-கோஹன், அலன் லெஸ்லி, ஊட்டா ஃப்ரித் மூவரும் 1985இல் இரண்டு பொம்மைகளை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். சாலி தன் கோலிக்குண்டைக் கூடைக்குள் வைத்துவிட்டு வெளியே போகிறாள். ஆன் அதை எடுத்துப் பெட்டிக்குள் ஒளிக்கிறாள். திரும்பி வந்த சாலி எங்கே தேடுவாள்? ஓட்டிசம் உள்ள 20 பிள்ளைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். சாலிக்குத் தெரியாதது தங்களுக்குத் தெரிகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க அவர்களுக்கு முடியவில்லை. நல்ல பரிசோதனைதான். ஆனால் அது வெளியே போனபோது, இவர்களுக்கு மற்றவர் மனமே விளங்காது, இரக்கம் கிடையாது என்று திரிந்துவிட்டது. சரியாகச் சொன்ன நான்கு பேரை எல்லோரும் மறந்தார்கள். ஒருவர் என்ன நினைக்கிறார் என்று ஊகிப்பது வேறு, அவருக்காக மனம் நோவது வேறு.

அம்மம்மா கடைசி வருடங்களில் படுக்கையில் கிடந்தபோது சொந்தக்காரர் எல்லோரும் வந்து "எப்பிடி அம்மா சுகம்?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்தார்கள். இவன் ஒரு நாளும் கேட்கவில்லை. எந்தக் குளிசை எத்தனை மணிக்கு, எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று நிறம் பிரித்து அட்டவணை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியவன் அவன்தான். நேரம் தவறினால் வேலையிடத்திலிருந்து போன் பண்ணுவான். 2012இல் டேமியன் மில்ட்டன், தானே ஓட்டிசம் உள்ள ஓர் ஆய்வாளர், பிரச்சினை இரண்டு பக்கத்திலும் இருக்கிறது என்று எழுதினார். அவர்களுக்கு எங்களை விளங்குவது எவ்வளவு கஷ்டமோ, எங்களுக்கு அவர்களை விளங்குவதும் அவ்வளவு கஷ்டம். தேத்தண்ணி குடித்தவர்களை நினைத்தால் மில்ட்டன் எங்கள் பக்கத்துக்குக் கொஞ்சம் சலுகை காட்டிவிட்டார் என்றுதான் தோன்றுகிறது.

இதற்கு நேரெதிரான கதை மேதைக் கதை. ஆஸ்பெர்கரே தொடக்கிவைத்தது: சிறுவயதில் விசித்திரமாக இருந்து, மாணவனாக நியூட்டனின் கணக்கில் பிழை பிடித்து, வானியல் பேராசிரியரான ஒருவரைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். பிறகு 1988இல் ரெயின் மேன் படம் வந்து அதை உலகம் முழுவதும் பரப்பியது. எங்கள் சினிமாவும் சளைக்கவில்லை. 2013இல் வந்த ஹரிதாஸ் நல்ல படம், ஆனால் அந்தப் பிள்ளையும் ஓட்டப்பந்தயத்தில் ஓடித்தான் ஆகவேண்டியிருந்தது. மோர்டனால் போகிற 93ஆம் இலக்க பஸ் பட்னிக்கும் போகும். அங்கேதான் நோயாளியாகக் கிடந்த ராமானுஜனைப் பார்க்க ஹார்டி 1729 இலக்க டாக்சியில் வந்தார். ராமானுஜனையும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறவர்கள் உண்டு. செத்து நூறு வருடம் கழிந்த மனிதருக்குக் கடிதங்களை வைத்து நோய் கண்டுபிடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதைவிடப் பெரிய கெடுதல், உயிரோடு இருக்கிற பிள்ளைகளுக்கு வருகிறது. "உங்கட மகன் கணக்கில புலியோ?" என்று அக்காவிடம் கேட்காத ஆள் இல்லை. அவன் கணக்கில் சாதாரணம். தபால் பிரிக்கிற இடத்தில் வேலை செய்கிறான். செயின்ட் ஹெலியர் தெருக்கள் மனப்பாடம் என்பதால் வேலையில் நல்ல பெயர். அது போதாதா?

நான் இன்றும் ஆறாமல் வைத்திருக்கிற விடயம் வேறு. அவன் பேசத் தாமதித்தபோது பேச்சுப் பயிற்சி கொடுத்த இடத்தில், வீட்டில் தமிழை நிறுத்துங்கள், இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பும் என்றார்கள். அந்தக் காலத்தில் இப்படிச் சொல்வது வழக்கம். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இரண்டாவது மொழியால் பேச்சு கெடுவதாகப் பின்னர் வந்த ஆய்வுகள் காணவில்லை. ஆனால் அக்கா சொல் கேட்கிறவள். தனக்கே சரியாக வராத ஆங்கிலத்தில் பிள்ளையோடு கதைக்கத் தொடங்கினாள். அம்மம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஒரே வீட்டில் இருந்து இருவரும் சில வருடம் கையால் கதைத்தார்கள். பிறகு நான் பிடிவாதமாக அவனை என் வகுப்பில் இருத்தினேன். உயிர் பன்னிரண்டு மேலே, மெய் பதினெட்டு பக்கத்தில், நடுவில் கட்டம் கட்டமாக உயிர்மெய். அந்த அட்டவணையைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. மற்றப் பிள்ளைகள் முனகிய 247 எழுத்தும் அவனுக்கு ரெயில் வரைபடம் மாதிரித் தெளிவாகிவிட்டது. குளிசை அட்டவணையை அவன் தமிழில்தான் எழுதினான்.

பெல்சைஸ் பார்க்கில் நிற்க எனக்கு மனமில்லை. அங்கே ரோயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியிலிருந்து 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 12 பிள்ளைகளை வைத்து, அம்மை தடுப்பூசியையும் ஓட்டிசத்தையும் முடிச்சுப் போட்டார். 2010இல் லான்செட் இதழ் அந்தக் கட்டுரையை வாபஸ் வாங்கியது, அவருடைய வைத்தியப் பதிவும் பறிபோனது. அந்தப் பயத்துக்கு இன்னும் எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் தடுப்பூசி போட்டதாகத் தெரியவில்லை.

கோல்டர்ஸ் கிரீன் வேறு. 1962இல் லண்டன் பெற்றோர் சிலர் சேர்ந்து தொடங்கிய சங்கத்துக்கு ஒரு காலத்தில் அங்கே அலுவலகம் இருந்தது. லோர்னா விங்கும் தொடக்கியவர்களில் ஒருவர். இன்றைய தேசிய ஓட்டிசச் சங்கம் அதுதான். சிபில் எல்கர் என்ற பெண் தன் வீட்டு நிலவறையில் இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக் காட்டினார். 1965இல் ஈலிங்கில் பள்ளிக்கூடமே எழுந்தது. படிப்பிக்க முடியாத பிள்ளைகள் என்று சட்டம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில். நாங்கள் அகதிகளாக வந்து கோயிலும் தமிழ்ப் பள்ளியும் பழைய மாணவர் சங்கமும் கட்டினோம். இதற்கு ஒரு சங்கம் கட்டுவதற்கு, பிள்ளை உண்டென்று முதலில் வெளியே சொல்ல வேண்டும். தங்கச்சிக்குக் கலியாணம் நிற்கும் என்ற பயம் அங்கே வாசலை மறித்தது. கலியாணம் கட்டினால் எல்லாம் சரியாகும் என்று ஒளித்துக் கட்டிவைத்த கதைகளும் எனக்குத் தெரியும். ஒன்றும் சரியாகவில்லை, இன்னொருத்தியின் வாழ்க்கையும் சேர்ந்து குழம்பியது.

2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு ஆஸ்பெர்கர் என்ற தனிப்பெயரை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஓட்டிச நிறமாலைக்குள் போட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய வகைப்பாடும் 2022இல் அதே வழியில் நடைமுறைக்கு வந்தது. தேநீர் வாதத்தில் லோர்னா வென்றுவிட்டார், ஆனால் அவரே பரப்பிய பெயர் போய்விட்டது. பெறாமகனிடம் கவலையா என்று கேட்டேன். "ரூட்டிங் பெக்குக்கு 1950 வரைக்கும் ட்ரினிட்டி ரோட் எண்டுதான் பேர்," என்றான்.

ஆஸ்பெர்கர் 1944இல் பெடியன்களை மட்டுமே விவரித்து, இது ஆண் புத்தியின் அதீத வடிவம் என்று எழுதினார். அந்தக் கதைதான் இன்னும் முழுதாகச் சாகவில்லை. என் வகுப்பில் எத்தனையோ அமைதியான பெண்பிள்ளைகள் இருந்தார்கள். பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து அதே மாதிரிச் சிரித்து, அதே மாதிரிக் கை கட்டி, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவர்கள். ரிப்போர்ட்டில் நல்ல பிள்ளை என்று எழுதினோம். அவர்களில் ஒருத்தி அண்மையில் மோர்டன் ஹோல் பார்க்கில் தள்ளுவண்டிலோடு எதிர்ப்பட்டாள். மகனுக்கு ஓட்டிசம் என்று சொல்லிவிட்டார்களாம். அவனுக்கான கேள்விகளை நிரப்பும்போது எல்லாம் தன்னைப் பற்றியே இருந்ததால் தானும் இப்போது காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறாள். நான் வழக்கமான என் பிரசங்கத்தைத் தொடங்கினேன்: ஆர் என்ன சொன்னாலும் வீட்டில் தமிழை மட்டும் நிறுத்தாதே.

"அதுதான் ரீச்சர் பிரச்சினை," என்றாள் அவள். "அவன் என்ர அம்மாவோட இருந்து தமிழ் மட்டும்தான் கதைக்கிறான். அவன் சொல்லுறதில பாதி எனக்கு விளங்குதில்லை."